தெற்குக் கொல்லைக்குப் போகும் தண்ணீர்

"பைப்ப எந்தப் பக்கம் இறக்கட்டும்மா?" மீரா உசேன் ஏணியில் நின்றபடி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"தெருப்பக்கம்," என்றாள் பொன்னுத்தாய்.

ஓட்டு விளிம்பின் கீழே தெற்குச் சுவர் நெடுகத் தொங்கிய பழைய தகரத் தூம்பைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் தூம்பு மாட்டுவதற்காக முத்துப்பேட்டையிலிருந்து வந்திருந்தார் அவர். தூம்பில் சேரும் மழைத்தண்ணீரைக் கீழே கொண்டுவரத்தான் பைப். தெற்கே கொல்லை சும்மா கிடக்கிறது. சில தென்னைகள், தண்ணீர் காணாத வாழைகள். அங்கே இறக்கினால் வேலை சுலபம். தெருவுக்கென்றால் வீட்டையே சுற்றி வளைக்க வேண்டும்.

"கொல்லையும் உங்களுதுதானங்க?"

"என்னுதுதான். நீங்க தெருப்பக்கம் விடுங்க தம்பி."

அவளுடையதேதான். மகன் அன்பரசன் திருத்துறைப்பூண்டியில் கணக்கு வாத்தியார். சித்திரையில் அந்த இடத்தை வாங்கி அம்மா பேரிலேயே பத்திரம் முடித்தான். பதிவு அலுவலகத்தில் மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டு, அறிவொளி வகுப்பில் படித்த எழுத்தில் தன் பேரை எழுதிவிட்டு வந்தாள். ஆனால் ஒரு துணி காயப்போடக்கூட அந்தப் பக்கம் அவள் கால் போகவில்லை.

பொன்னுத்தாய் அடங்கிப்போகிற ஆள் என்று யாராவது சொன்னால் ஊரே சிரிக்கும். நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு பாபநாசம் வரை போனவள். கூலியில் கைவைத்தால் நாற்று முடியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். புருஷன் போன பிறகு பிள்ளையை வாத்தியாராக்கியது அந்த வாய்தான். அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் மூடிக்கொள்ளும்.

கொல்லை அப்போது பண்ணையுடையது. கீற்றைப் பிரித்து ஓடு போட்ட வருஷம், ஐப்பசி மழையில் கூரைத்தண்ணீர் அதற்குள் ஓடிவிட்டது. பண்ணையின் காரியக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

"ஓட்டு வீடு கட்டிட்டா ஒன் கூரைத்தண்ணிய எங்க எடத்துல விடுவியாடா? ஒரு சொட்டு நிக்கக் கூடாது. அள்ளு."

அவள் புருஷன் வைரக்கண்ணு கொட்டாங்கச்சியால் அள்ளினான். அள்ளி அள்ளித் தன் பக்கம் ஊற்றினான். மழை விடாமல் பெய்தது. அள்ளிய இடத்திலேயே மறுபடியும் தேங்கியது. தேங்கும் என்று காரியக்காரருக்கும் தெரியும், பாவி மனுஷன், அதைப் பார்க்கத்தானே வந்தார். கைக்குழந்தையோடு பொன்னுத்தாய் சுவரோரம் நின்றாள். பேசினால் போட்ட ஓடு இறங்கிவிடுமோ என்ற பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு வைரக்கண்ணு கட்டியதுதான் அந்தத் தகரத் தூம்பு. துருவேறி ஓட்டை விழ விழ அவள் தார் பூசினாள், கந்தல் அடைத்தாள். அதற்கும் ஒழுகினால் சுவரோரம் வாளி, குண்டான், அன்னக்கூடை என்று வரிசையாக வைத்தாள். வைரக்கண்ணு கண்ணை மூடிய பிறகும் வைத்தாள். பண்ணை நொடித்து, வாரிசுகள் சென்னைக்குப் போன பிறகும் வைத்தாள். கேட்க ஆளில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மீரா உசேன் பழைய தூம்பை இறக்கி முடித்த சமயம் பார்த்து வானம் கறுத்தது. புரட்டாசி மழை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொட்டியது. ஓட்டுத்தண்ணீர் சுவர் நெடுக விழுந்து கொல்லைக்குள் ஓடியது. பொன்னுத்தாய் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடினாள். வீட்டிலிருந்த பாத்திரம் ஒன்று பாக்கியில்லாமல் வெளியே வந்தது.

"ஏம்மா நனையிற? நம்ம எடம். யாரு கேக்கப் போறா?" லீவில் வீட்டிலிருந்த அன்பரசன் பின்னாலேயே வந்தான்.

"நீ உள்ள போ."

வாளி நிரம்பி வழிந்தது. தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பியபோது இடுப்பு சுருக்கென்று பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே நின்றாள். இப்படித்தானே அன்றைக்கு அவள் புருஷன் குனிந்து கிடந்தான். சொந்த இடத்துக்குத் தண்ணீர் போகாமல் தானே காவல் நிற்கிறோமே என்று ஆத்திரம் பொங்கியது. காரியக்காரர் செத்து மண்ணாகி எத்தனையோ வருஷம் ஆயிற்று. கூலிக்கு அத்தனை சண்டை போட்டவள், அவருடைய வேலையை மட்டும் இத்தனை காலமும் கூலியில்லாமல் பார்த்திருக்கிறாள்.

திரும்பி நடந்தாள். கொல்லைக்குள் கால் வைத்து, வாளியை வாழையடியில் கவிழ்த்தாள். அடுத்து குண்டான். அதற்கடுத்து அன்னக்கூடை. மகன் கைகொடுக்க வந்தான்.

"விடு. நானே ஊத்துறேன்," என்றாள். சொல்லும்போதே வாய்விட்டு அழுதுவிட்டாள்.

மழை விட்டதும் மீரா உசேன் ஏணியைச் சாத்தி, தெருப்பக்கத்துக்கு அளவு எடுக்க ஆரம்பித்தார்.

"தம்பி, பைப்ப கொல்லையிலயே இறக்குங்க. வாயி நல்லா உள்ள தள்ளி இருக்கணும்."

"எது வரைக்குங்க?"

பொன்னுத்தாய் ஈர மண்ணில் நடந்துபோனாள். வைரக்கண்ணு குனிந்து அள்ளிய இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. அங்கே போய் நிமிர்ந்து நின்றாள்.

"இது வரைக்கும்."