தோழி பிளாக் செய்தவன்

கல்லூரி விழாவில் பாடும்போது என் குரல் பிசிறடித்துவிட்டது. அதை யாரோ ரீல்ஸாகப் போட, கமெண்டில் கழுவி ஊற்றினார்கள். ஆத்திரத்தில் ஆப்பையே அழித்தேன். அப்புறம்தான் மோசம். பஸ்ஸில் எவள் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. கடைசியில் என் கணக்கின் பாஸ்வேர்டைத் தோழியிடம் ஒப்படைத்தேன். கமெண்டுகளை அவளே படித்தாள், பதிலுக்குத் திட்டினாள், பிளாக் செய்தாள். எனக்குத் தூக்கம் வந்தது.

பௌர்ணமியன்று இருவரும் கிரிவலம் போனோம். பாதி வழியில், அடி அண்ணாமலையில் டீ குடிக்கும்போது தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஒருத்தன் மட்டும் உன் வாய்ஸ் சூப்பர்னு போட்டிருந்தான்டி.”

“யாருடி அது?”

“தெரியல. இருந்த கோவத்துல அவனையும் சேத்து பிளாக் பண்ணிட்டேன்.”

அதற்குத் தண்டனையாக, மீதி வழி முழுக்க அந்தப் பாட்டையே அவளுக்குப் பாடிக்கொண்டு வந்தேன்.