சாப்பாட்டு மேசையில் நின்ற கப்பல்

தேயிலைச் சாயத்தில் ஊறிய நூல் காயும்போது ஒரு மணம் வரும், ஈரச் சாக்கையும் பழைய புத்தகத்தையும் சேர்த்து வைத்ததுபோல. எனக்கு அது இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையின் மணம்தான். வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் எதிரே இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டில், காலைப் பிளேன்டீ குடித்து முடிந்ததும் அப்பா மிச்சச் சாயத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, கொட்டாஞ்சேனையில் சப்பாத்துத் தைக்கிற ஒருவரிடம் வாங்கி வந்த வெள்ளை நூலை அதில் ஊறப்போட்டு, பிறகு யன்னல் கம்பிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் காயவிடுவார். காய்ந்து எடுத்தால் அது கப்பற்கயிறு.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். இரும்புப் பெட்டிகள் அடுக்கிய கப்பல்களைப் பகல் முழுக்கப் பார்த்துவிட்டு வருகிற மனிதருக்கு, வீட்டில் ஒரு மரக்கப்பல் வேண்டியிருந்தது. நூலகத்துப் புத்தகம் ஒன்றிலிருந்து போட்டோக்கொப்பி எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்து, ஒல்லாந்தர் காலத்தில் கறுவா ஏற்ற வந்த மூன்று பாய்மரக் கப்பல் ஒன்றைத் தேயிலைப் பெட்டிப் பலகையிலும் மூங்கிலிலும் மூன்று வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பாய்மரங்களை நிமிர்த்திப் பிடிக்கிற கறுப்புக் கயிறுகளுக்கு எங்கள் வீட்டில் "நிக்கிற கயிறு" என்று பெயர். அவற்றுக்குச் சப்பாத்துப் பொலிஷ் பூசுவார். பாய் கட்டும் குறுக்குத் தடிகளை ஏற்றி இறக்குகிற தேயிலை நிறக் கயிறுகள் "ஓடுற கயிறு". கறுப்புக் கயிறுகளைக் கப்பலின் விலாவோடு பிணைக்கிற, மூன்று துளை போட்ட சின்ன மரவட்டுகளுக்கு நான் வைத்த பெயர் "குரங்கு மூஞ்சி". இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக அவை வரிசையில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கப்பல் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டதால் நாங்கள் பாயில் இருந்துதான் சாப்பிட்டோம். "கப்பல் மேசையில நிக்குது, குடும்பம் நிலத்தில கிடக்குது. இது எப்பத்தான் வெளிக்கிடும்?" என்று அம்மா கேட்பார். "பொறும், காத்து வரட்டும்" என்பார் அப்பா. அவரோடு வேலை செய்த அந்தோனி மாமா கொட்டாஞ்சேனையிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு கேலி இருக்கும். "மூணு வருசமா கரையிலயே நிக்கிது மச்சான். எலிகூட ஏற மாட்டேங்குது. அதுக்கே நம்பிக்கையில்ல."

அப்பா சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. படிக்கத் தொடங்கிய சோதனையை அவர் எழுதி முடிக்கவில்லை. ஊரில் கட்டிய வீட்டுக்குக் கூரை போடும் முன்னமே இடம்பெயர்ந்து வந்துவிட்டார். "இந்த ஒண்டையாவது முடிச்சிட வேணும்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் நூல் பிடிக்கிற சாமணத்தைக் கையில் எடுப்பார்.

என் பதினைந்தாவது வயதில் அப்பாவுக்கு ஈரலில் வருத்தம் வந்தது. இந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் சொன்னதாக, குசினிக்குள் நின்று அம்மா அந்தோனி மாமாவிடம் அழுததை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவர் கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எல்லாக் கயிறும் போட்டாச்சு. கடைசி முடிச்சுகள் மட்டும்தான் மிச்சம். ஆனி மாசம் வந்து போடுறன். துணியால மூடி வை, பிள்ளை. ஒண்டையும் தொடாதை."

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. காஸ் பூட்டியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்ப்பேன், பூட்டிய கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்ப்பேன். "இவளுக்குப் பயப்பட ஒண்டுமில்லையெண்டால் அதுக்கும் பயப்படுவாள்" என்று அம்மா சொல்வதில் பொய்யில்லை. அம்மா விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட, வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமென்று ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். அது இரண்டு கிழமையாகி, ஒரு தவணையாகி, பிறகு நான் திரும்பிப் போகவே இல்லை. அந்த வெறும் பகல்களில் எனக்கிருந்த வேலை, துணியைத் தூக்கிக் கப்பலைப் பார்ப்பது.

அந்தத் தை மாதம் தரைப் பக்கமிருந்து வறண்ட காற்று வீசியது, உதடு வெடிக்கிற காற்று. ஒருநாள் துணியைத் தூக்கினால், ஓடுற கயிறுகள் எல்லாம் தொய்ந்து கிடந்தன. முந்தின நாள் ஆஸ்பத்திரியில் பார்த்த அப்பாவின் புயத்தில் தோல் தொங்கியது எப்படியோ, அப்படித் தொங்கின. நான் யன்னலைத் திறந்து வைத்ததால்தானா? அப்பா வந்து பார்த்தால், மூன்று வருட வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று நினைப்பாரே? அதற்கு அவருக்கு நாள் ஏது?

இறுக்கத் தொடங்கினேன். அப்பா போட்டிருந்த அரை முடிச்சுகள் ஒரு இழுப்பில் அவிழ்ந்தன. நூலைத் தந்திபோல இழுத்து, நான் ஒரு முழு முடிச்சுப் போட்டு, அது இனி எந்தக் காலத்திலும் நழுவக் கூடாதென்று ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுச் சுப்பர் குளூ விட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு கயிறு. மாசி முடிய எல்லாம் முடிந்தது. விரலால் தட்டினால் டங் என்றது. அந்த மாதங்களில் நான் நிம்மதியாக நித்திரை கொண்டது அதற்குப் பிறகுதான்.

வைகாசியில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மேசைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட்டோம். துணியை எடுக்கட்டுமா என்று அம்மா கேட்க, "ஆனி வரட்டும்" என்றார். அதே கிழமை மழைக் காற்றுக் கடலிலிருந்து நேரே எங்கள் யன்னலுக்கு வந்தது. உப்புப் போத்தலுக்குள் தண்ணீர் நின்றது, நெருப்புக்குச்சி பற்றவில்லை, உடுப்புக் காயவில்லை. ஒரு மத்தியானம் நாங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துணிக்குள்ளிருந்து, முருங்கைக்காயை முறிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அம்மா துணியை எடுத்தார். நடு மரத்தின் மேல்துண்டு முறிந்து முன்பக்கம் தொங்கியது. அது சாய்ந்த இழுப்பில் இரண்டு குரங்கு மூஞ்சிகள் விலாப் பலகையோடு பிய்ந்து வந்திருந்தன. மற்ற மரங்களும் வில்லாக வளைந்து நின்றன.

"ஆர் இறுக்கினது?" என்றார் அப்பா.

"தூசி தட்டேக்கை என்ர கை பட்டிருக்கும்" என்று அம்மா முந்திக்கொண்டார்.

அப்பா ஒரு முடிச்சைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். "உமக்கு இது வராது. இது தலைக்கு ரிபன் கட்டுற ஆளின்ர முடிச்சு" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச வா. அழாதை. இந்த நூல் மழைக்குச் சுருங்கும், வெயிலுக்குத் தொய்யும். தையில அது தொய்யத்தான் வேணும். ஒரு முழு வருசம் ரெண்டு காத்தையும் பாத்து, ஈரத்துக்குள்ள வைச்சுத்தான் கடைசி முடிச்சுப் போடுறது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"தொடாதை எண்டால் தொடமாட்டாய் எண்டு நினைச்சன்."

அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் இவ்வளவு காலத்தில் அதை மறந்திருப்பேனோ என்னவோ. அடுத்த நாளிலிருந்து, தலையணைகளை முதுகுக்கு வைத்து நிமிர்ந்திருந்து, சவர பிளேட்டால் என் முடிச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கத் தொடங்கினார். குளூ ஊறிய இடம் கல்லாக இறுகியிருந்தது. ஒரு முடிச்சுக்கு அரை மணித்தியாலம் ஆனது. களைத்தால் பிளேட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் தேத்தண்ணியோடு வந்த நான் வாசலில் நின்றுவிட்டேன். அந்தோனி மாமா கட்டிலில் இருந்தார். அன்றைக்கு அவரிடம் கேலி இல்லை. அப்பா மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இந்த மழையோட கப்பல் முடிஞ்சிருக்கும், மச்சான். ஒரு கிழமை வேலைதான். பிள்ளைக்குச் சொல்லிப் போடாதை."

கடைசி முடிச்சையும் வெட்டி, முறிந்த மரத்தையும் கழற்றி எடுத்த பிறகு, ஆடி மாத நடுவில், திரும்பக் கட்டுவதற்கென்று புது நூலைச் சாயத்தில் போடச் சொன்னார். போட்டேன். அது காய்ந்து முடிவதற்குள் அவரைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பிறகு அவர் வரவில்லை.

அந்த மாடி வீடு இப்போது இல்லை; அந்த இடத்தில் நிற்கிற கண்ணாடிக் கட்டடத்தில் எந்த யன்னலும் திறப்பதாகத் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் அந்த நூல்காரர் இருந்த மூலையில் போன் கடை. அந்தோனி மாமா வத்தளைக்குப் போய், அங்கேயே காலமானார். அம்மாவும் நானும் பாமன்கடையில் இருக்கிறோம். கப்பலும் எங்களோடுதான், கறுப்புக் கயிறுகளோடும் இரண்டரை மரத்தோடும். ஊருப்பட்ட பேர் வந்து போகிற வீடு இது. நான் தையல் எடுத்துச் செய்கிறேன். போன கிழமை சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் கப்பலைக் குனிந்து பார்த்துவிட்டு, "வடிவா வருகுது. ஆர் செய்யிறது? எப்ப முடியும்?" என்று கேட்டார்.

"அப்பா செய்யிறவர்" என்றேன். அளவெடுக்கிற நாடாவை எடுத்துக்கொண்டு, கையை விரிக்கச் சொன்னேன்.