பீரங்கிக்கு வைத்த பொட்டு

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த நான், இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒஸ்லோவில் ஒரு போர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை செய்தேன். என் கூடத்தில், ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற கனரகக் காலாட்படைப் பீரங்கி ஒன்று நின்றது. குட்டையான, தடித்த குழல். அதன் வாய்க்குள் உரித்த தேங்காய் தாராளமாகப் போகும். முன்னால் இருந்த காப்புத் தகட்டில் எவனோ ஒரு சிப்பாய் வெள்ளை வர்ணத்தால் நான்கு எழுத்துகள் எழுதியிருந்தான். அவற்றின் பொருள் எவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பீரங்கியில் மிகவும் அருமையானவை அவைதான் என்று பொறுப்பாளர் சொல்லுவார்.

ஊரில் பீரங்கிக் குண்டுகளின் செல்லடிக்குத் தப்பி வந்தவன் நான். முதல் மாதங்களில் அந்தக் குழலுக்கு முன்னால் நிற்காமல் சுற்றிப் போய்த்தான் கூட்டினேன். இரண்டு வருடம் காலைதோறும் மென்தூரிகையால் தூசி தட்டிய பின் பயம் போய், அதுவும் என் வேலைச் சாமான்களில் ஒன்றாகிவிட்டது.

ஆயுத பூசை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தரை துடைக்கும் இயந்திரத்துக்குப் பொட்டு வைக்க, என்னோடு வேலை செய்த பெண்ணிடம் குங்குமம் கேட்டேன். அவள் தமிழ்நாட்டுக்காரி, பக்கத்து நகரமான திராமனிலிருந்து ரயிலில் வருபவள், ஒவ்வொரு நாளும் நெற்றியில் குங்குமம் வைப்பவள். "வாளிக்கும் வைங்க சார், கோவிச்சுக்கும்" என்று சிரித்தபடி சிமிழை நீட்டினாள். அவள் போன பிறகு எலுமிச்சம்பழத்தை வெட்டிக் குங்குமத்தில் தோய்த்து, இயந்திரத்துக்கு வைத்தேன். வாளிக்கும் வைத்தேன். கை அப்படியே பீரங்கித் தகட்டுக்கும் போனது.

திங்கள் காலை அதைக் கண்டபோதுதான் பதறினேன். சவர்க்காரத் திரவம் போட்டுத் தேய்த்தேன். சிவப்புக் கறை போகவில்லை. எழுத்துகள் இரண்டு போய்விட்டன.

பொறுப்பாளர் கறையைப் பார்த்தார், பிறகு அவளுடைய நெற்றியைப் பார்த்தார். அவளுக்கு நோர்வேஜிய மொழி போதாது என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். தான் செய்யவில்லை என்று அவள் சொன்னதைச் சரியாகவே சொன்னேன். பிறகு பொறுப்பாளர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். கேள்வி எனக்கானது. நான் அதைத் தமிழாக்கி அவளிடம் தள்ளிவிட்டேன்.

அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன்.

அவளுடைய தற்காலிக ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது, அதை இப்போது மறைக்கவில்லை. அதைவிடப் பெரிது வெட்கம். செல்லுக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தேன் என்று இந்த நாட்டிடம் அடைக்கலம் கேட்டவன், பீரங்கிக்குப் பொட்டு வைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

பனி கொட்டத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை திராமனுக்குப் போனேன். அவள் வாசலிலேயே நிற்க, நான் சொன்னேன்.

"பிள்ளை, பொட்டு வைச்சது நான்தான். அண்டைக்குச் சொல்லாமல் விட்டிட்டன்."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எங்கிட்ட சொல்லி என்ன சார்? அவங்ககிட்ட, அவங்க பாஷையில சொல்லுங்க. அன்னைக்கு நல்லாத்தானே பேசுனீங்க."

உள்ளே வரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ரயிலில் திரும்பும்போது, பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களை எழுதிப் பார்த்தேன். 'தவறுதலாக' என்ற சொல் இரண்டு இடங்களில் வந்திருந்தது. இரண்டையும் வெட்டினேன்.

திங்கள் காலை பொறுப்பாளரின் அறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். வேலை செய்யும் சாமானை வருடத்தில் ஒருநாள் கும்பிடுவது எங்கள் வழக்கம் என்றேன், மௌனமாக இருந்தது வழக்கமல்ல, அது என் கோழைத்தனம் என்றேன். அந்த மாதத்தோடு என் வேலை முடிந்தது.

அவளைத் திரும்ப வரும்படி அழைத்தும் மன்னிப்புக் கேட்டும் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் போனது. அவள் தொலைபேசியில், வந்து வாசித்துச் சொல்லும்படி என்னையே கேட்டாள். போனேன். இந்த முறை வீட்டுக்குள் நான் உட்காரக் கதிரை போட்டிருந்தாள். கடிதத்தின் மூன்றாவது வரியில், உண்மை தெரிந்தும் மறைத்த மொழிபெயர்ப்பாளர் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்து, ஒரு சொல்லும் விடாமல் அதைத் தமிழில் சொன்னேன்.