அத்தையின் காதுக்கு எட்டியது

காதுக் கருவியின் பின்பக்கம் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும். எட்டு வயதில் எனக்கு முதல் கருவி வாங்கியபோது இரண்டில் வைத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார்கள். நானும் இரண்டில்தான் வைப்பேன். ஆனால் பள்ளி விட்டு வந்து, கருவியைப் போட்டுவைக்கும் பஞ்சு டப்பாவைத் திறந்தால் சக்கரம் நான்கில் இருக்கும். காதுக்குள் பொருத்தும் அச்சில் தேங்காய் எண்ணெய் வாசம் அடிக்கும். எங்கள் வீட்டில் தலை வழிய எண்ணெய் வைத்துக்கொள்பவர் அத்தை ஒருவர்தான். சந்தேகப்பட எனக்கு அது போதும்.

அத்தை, அப்பாவின் அக்கா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா தி.நகரில் துணிக்கடை வைத்தபோது கூடவே வந்தவர். மந்தைவெளி வீட்டில் அவர் சொல்வதுதான் சட்டம். கருவியைப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டம். "காதுல மிஷின் மாட்டுன பிள்ளைய நாளைக்கு எவன் கெட்டுவான்?" என்று கேட்டார். அதனால் பகலெல்லாம் கருவி வீட்டில் டப்பாவில் இருக்கும். நான் அது இல்லாமல் வகுப்பில் இருப்பேன்.

அதற்கு முன்பே என்னைக் காது கேளாதோர் பள்ளி ஒன்றுக்கு அழைத்துப்போயிருந்தார்கள். அங்கே சோதித்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கு ஓரளவு கேட்கிறது, பேச்சும் வந்துவிட்டது, கருவியோடு சாதாரணப் பள்ளியிலேயே படிக்கட்டும்" என்றார்கள். சாதாரணப் பள்ளியிலோ விஷயத்தை யாரிடமும் சொல்லவே இல்லை. எனக்கு மேளம் கேட்கும், மழை கேட்கும், லாரி கேட்கும். முதுகுக்குப் பின்னால் என் பெயரைச் சொன்னால் மட்டும் கேட்காது. பாதி கேட்கிறவர்களுக்கு மீதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடும். யாராவது இருவர் தலையைச் சாய்த்துப் பேசினால் அது என்னைப் பற்றித்தான். சிரித்தால் அதுவும் என்னைப் பார்த்துத்தான். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீட்டிலும் அந்தக் கண்ணோடுதான் திரிந்தேன். பேட்டரி சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. அப்பா அலுத்துக்கொண்டார். அத்தைதான் வேண்டுமென்றே தீர்க்கிறார், கருவியே வேண்டாம் என்று அப்பா வாயால் சொல்லவைக்கப் பார்க்கிறார் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் வந்தாலே டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அவரும் என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒரே கூரையின் கீழ் இரண்டு ஒற்றர்கள்.

அந்தச் சமயத்தில் வகுப்பாசிரியை அம்மாவை வரச்சொல்லிப் பேசினார். என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்த அம்மாவின் முகம் சரியாக இல்லை. என்னவென்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றாள். எங்கள் வீட்டில் எனக்குக் கிடைக்கும் வழக்கமான பதில் அது.

மறுநாள் பெருமழை. பாதி நாளில் பள்ளியை விட்டுவிட்டார்கள். நனைந்தபடி வீட்டுக்குள் நுழைந்தால், சமையலறைக் கதவுக்குப் பின்னால் அத்தை ஒட்டி நிற்கிறார். என் கருவியைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறார். உள்ளே அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் எதையோ சொல்லி அழுதுகொண்டிருந்தாளாம். அடுத்தவர் காதுக்குச் செய்த அச்சு சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி கீச்சென்று விசிலடிக்கும். அந்த விசில் அத்தைக்கும் கேட்கவில்லை, வாசலில் நின்ற எனக்கும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கேட்டது. கதவைத் திறந்தாள்.

"மைனி, என்ன இது?"

அத்தை கையை இறக்கவில்லை. அம்மாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "திமிர் பிடிச்ச பிள்ளைன்னா சொன்னா அந்த டீச்சர்? கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கா, வேற பள்ளிக்கூடம் பாருங்கன்னா?"

அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்தார். "என்னையும் இதத்தான் சொன்னாவ. அஞ்சாங்கிளாஸ்ல வாத்தியார் கூப்பிட்டிருக்காரு, நான் திரும்பல. திமிர் பிடிச்ச பிள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு எங்க அப்பா நிறுத்திட்டாரு. காது கேக்கலன்னு ஒருத்தருக்கும் தோணல. எனக்கே தோணல. இவ மிஷின ஒரு நாள் வச்சுப் பாத்த பொறவுதான் தெரிஞ்சுது."

மாமி மெல்ல எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இதிலும் ஏதாவது சூழ்ச்சி இருக்குமோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அத்தையே எனக்குத் தலை சீவினார். காதை மூடும்படி தழையப் பின்னும் அவர், அன்று இழுத்துத் தூக்கிப் பின்னி, காது இரண்டும் தெரிய ரிப்பன் கட்டினார். கருவியை மாட்டி இரண்டில் வைத்தார். தலைமையாசிரியை அறைக்கு அவரே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

தலைமையாசிரியை ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, "அப்பா என்ன பண்றார்?" என்றார்.

"மந்தைவெளிலேருந்து வாரோம்" என்றார் அத்தை.

பேனா நின்றது. தலைமையாசிரியை நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார், பிறகு என் காதைப் பார்த்தார். நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்குமா?"

அத்தை தலையாட்டினார்.

"இத்தனை நாளா ஏன் மறைச்சேள்?"

"சொன்னா சேத்துக்கிட மாட்டீங்கன்னு பயம்தான்."

தலைமையாசிரியை அதை மறுக்கவில்லை. நான் இனி முதல் பெஞ்சில் உட்கார வேண்டும், கருவி இல்லாமல் வரக் கூடாது, டீச்சர்கள் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்துப் பேசுவார்கள் என்றார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொன்னார். என்னவென்று இருவருக்கும் பிடிபடவில்லை.

வராந்தாவில் அத்தை என் தோளைத் தட்டினார். "கடைசியா என்னட்டி சொன்னா?"

"தெரியல அத்தை. உங்களுக்குக் கேக்கலையா?"

"மிஷின் உன் காதுல இருக்கு, என்னையக் கேக்க! நல்ல வார்த்தையா இருந்தா மூஞ்சியப் பாத்துல்லா சொல்லிருப்பா?"

அந்தப் பள்ளியிலேயே பன்னிரண்டாவது வரை படித்தேன். கல்லூரி முடித்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் அத்தைக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தேன். பேட்டரி வீணாகிறது என்று இன்றுவரை அதை அரைகுறையாகத்தான் போடுகிறார்.

போன மாதம் என் தம்பி மகளின் பள்ளி விழாவுக்காக இருவரும் அடையாறு போயிருந்தோம். அவள் வகுப்பில் ஒரு பையன் நீல நிறக் கருவியை எல்லோரும் பார்க்கும்படி மாட்டிக்கொண்டு ஓடித் திரிந்தான். டீச்சர் கழுத்தில் தொங்கிய குட்டி மைக்கில் பேசினால் அது நேராக அவன் காதுக்குப் போகுமாம். டீச்சர் கூப்பிட்டதும் அவன் வகுப்பின் அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தான். அத்தை வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

பிறகு அந்த டீச்சர் மைக்கைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, பக்கத்து டீச்சரிடம் குனிந்து ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள்.

அத்தை என் கையைக் கிள்ளினார். "பாத்தியாட்டி?"

"பாத்தேன் அத்தை" என்றேன்.