அழாத குழந்தையைத் தேடிப் போனவர்

சென்ற செவ்வாய்க்கிழமை, பச்சிளங்குழந்தைகளின் குதிகால் இரத்தம் தோய்ந்த அட்டைகளை ஆய்வகத்தில் பிரித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது: பழவேற்காட்டுச் செவிலியர் ஜைனப் பீவி காலமானார். இரங்கல் கூட்டத்தில் அவரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். அவரோடு வேலை செய்த செவிலியர்களே, நீங்கள் அறிவீர்கள், அது பொய். தாமதத்தை அவர் ஒருநாளும் பொறுத்தவர் அல்லர்.

"அழற புள்ள நல்லாத்தான் கீது. அழாததக் காட்டுங்க" என்பதே பிள்ளை பெற்ற வீடுகளில் அவருடைய முதல் பேச்சு. கடலோரக் குப்பம் ஒன்றில் செல்வி என்ற இளம் தாயின் மாமியார், பிறந்து எட்டு நாளான பேரனை மெச்சிக்கொண்டிருந்தார்: "தங்கம் இவன். பால் குடிக்கக்கூட எழுப்பணும். ஆத்தாக்காரி குளிக்கப் போனாலும் சத்தம் வராது."

"தங்கம்னா உரசிப் பாத்துடலாம் யக்கா. காலக் குடு" என்றார் ஜைனப்.

குழந்தையின் குதிகாலில் எடுத்த இரத்தத்தோடு அட்டை என் ஆய்வகத்துக்கு வந்தது. தைராய்டு சுரப்பு குறைந்தால் ஏறும் எண், மிக உயரத்தில் நின்றது. செல்வி ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்று அட்டையின் ஓரத்தில் ஜைனப் எழுதியிருந்தார். தாயின் இரத்தத்தையும் வரவழைத்தேன். நான் தேடிய எதிர்ப்பொருள், தைராய்டைத் தடுக்கும் ஆன்டிபாடி, அதில் இருந்தது. எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. அதுதான் நஞ்சுக்கொடியைக் கடந்துபோய்க் குழந்தையின் சுரப்பியைத் தடுத்திருக்கிறது. சில மாதங்களில் தானே மறைந்துவிடும். ஏட்டில் படித்தது கண்முன்னே நிகழ்கிறது. ஜைனப்பைத் தொலைபேசியில் அழைத்துக் கால் மணி நேரம் விளக்கினேன்.

"தானா போவட்டும் சார். அதுவரிக்கும் புள்ள மூள காத்துனு இருக்குமா? மொத ரிசல்ட் எப்ப வந்திச்சு?"

"மூன்று நாளாகிறது."

அவர் இணைப்பைத் துண்டித்தார்.

தைராய்டு சுரப்பில்லாமல் குழந்தையின் மூளை வளராது, அது காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே, காரணத்தின் அழகுக்காக முதல் முடிவை யாருக்கும் சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்தேன். அதைப் பற்றி எந்த அதிகாரியும் இன்றுவரை என்னைக் கேட்டதில்லை.

ஒரு மணி நேரத்தில் தாயும் சேயும் ஜைனப் ஏற்றிவிட்ட ஆட்டோவில் பொன்னேரி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றே தைராய்டு மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டினார்கள். "உன் சீக்கப் புள்ளைக்கும் ஏத்திட்டியே" என்று மாமியார் செல்வியைக் கடிந்தபோது ஜைனப் சொன்னாராம்: "அவ ஒரு நாள் மாத்திர உட்டதில்ல யக்கா. ரத்தத்துல கீறது அவ சொன்னாக் கேக்குமா? அது கொஞ்ச நாள்ல போயிடும். உன் வாய்தான் போவாது."

எதிர்ப்பொருள் மறைந்தது. பின்னர் மருத்துவர் சோதித்துப் பார்த்து மாத்திரையையும் நிறுத்தினார். அந்தப் பையன் இன்று வலையில் விழும் மீன்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறான்.

ஜைனப்பிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வரிசை: முதலில் மருத்துவருக்கு அழைப்பு, காரணம் பிறகு. இதை எழுதும்போதே இன்னொரு குழந்தையின் அட்டையில் அதே எண் உயர்ந்து வந்திருக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன், அழைக்க வேண்டும்.