காலி அறைக்குக் குளிர்

தங்கபுஷ்பம் ஒரு நாளில் இருநூறு பேரிடமாவது பேசுவாள். அவர்களில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. நந்தனத்தில் ஒரு பம்பு செட் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அவள் டெலிபோன் ஆபரேட்டர். ஐந்து மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால், ஜன்னலில்லாத ஓர் அறையில் அவளும் சுவிட்ச்போர்டும் இருந்தார்கள். "ஒரு நிமிஷம், லைன்ல இருங்க" என்பதுதான் அவள் நாள் முழுவதும் பேசிய பேச்சு.

அப்பா சாத்தான்குளத்துக்காரர். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து சீக்கிரமே போய்விட்டார். அதன்பின் ஆதம்பாக்கத்தில் வாடகை வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும். இரண்டு முறை வந்த கல்யாணப் பேச்சு இரண்டு முறையும் பேச்சோடு நின்றது. 1968இல் அம்மாவும் போன பிறகு, வீட்டைக் காலி செய்துவிட்டு மயிலாப்பூரில் வேலை பார்க்கும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்து மூன்று.

விடுதியில் வார நாட்கள் எப்படியோ கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கழியாது. மற்றப் பெண்களைப் பார்க்க அண்ணனோ சித்தியோ வருவார்கள். வாசலில் அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் மாடிவரை கேட்கும். தன் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் காது அந்தப் பக்கம் போனது அவளுக்கே பிடிக்கவில்லை. வெளியூர் ஏஜென்ட்டுகள் அவசரத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று கம்பெனி ஞாயிறன்றும் சுவிட்ச்போர்டைத் திறந்து வைத்திருந்தது. யாருக்கும் வேண்டாத அந்த டூட்டியை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு புதன்கிழமையை விடுமுறையாக்கிக்கொண்டாள்.

ஞாயிறன்று கட்டடத்தில் வாட்ச்மேனைத் தவிர இன்னொருவர் மட்டும் இருப்பார். குலாம் ரசூல். ஏ.சி. பிளான்ட் ஆபரேட்டர். அடித்தளத்தில் இருந்த குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், மீர்சாகிப்பேட்டைக்காரர். பதினோரு மணிக்கு வெளியே போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை அவள் மேஜையில் வைப்பார். அறைக்குள் உட்கார மாட்டார். கதவருகே நின்றபடியே மனைவி ஜைதூன் பீயைப் பற்றியும் மகள் வஜீஹாவைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவார். வாரம் முழுவதிலும் தங்கபுஷ்பத்திடம் அவளுக்காகவே பேசிய மனிதர் அவர் ஒருவர்தான்.

சுவிட்ச்போர்டு அறைக்கு எதிரே நடையில் மின்சார மீட்டர்கள் இருந்தன. 1972இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கை கழுவப் போனவள், கம்பெனி தன் கணக்குக்காக வைத்திருந்த பெரிய மீட்டரின் தட்டு சுழல்வதைக் கண்டு நின்றாள். விளக்கு எரியவில்லை, லிப்ட் ஓடவில்லை. தட்டு மட்டும் வேலைநாள்போல ஓடிக்கொண்டிருந்தது. பொழுது போக வேண்டுமே என்று காலை ஒன்பதுக்கும் மாலை ஐந்துக்கும் அதிலிருந்த எண்களை டைரியில் எழுதி வைத்தாள். அடுத்த ஞாயிறும் எழுதினாள். பிறகு வேலைநாட்களிலும் எழுதினாள். எழுதிய எண்ணை இருபதால் பெருக்கினால்தான் உண்மையான யூனிட் வரும் என்று குலாம் ரசூல் சொல்லிக்கொடுத்தார். பெருக்கிப் பார்த்தாள். ஆளில்லாத ஞாயிறு, முன்னூறு பேர் வேலை செய்யும் திங்கட்கிழமையில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுகொண்டிருந்தது.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

1973 கோடையில் மின்வெட்டு கடுமையானது. முந்தைய ஆண்டு செலவழித்ததில் முக்கால் பங்குக்கு மேல் கம்பெனி போகக்கூடாது, போனால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்று கடிதம் வந்தது. நிர்வாக மேலாளர் மாணிக்கவாசகம் ஒரே வாரத்தில் கட்டடத்தைப் பாதி இருட்டாக்கினார். ஒன்றுவிட்டு ஒன்றாக டியூப் லைட்டுகளைக் கழற்றினார்கள். நான்கு மேஜைக்கு ஒரு பேன் என்றார்கள். நான்காம் மாடிக்குக் கீழே லிப்ட் நிற்காது. டைப் அடிக்கும் பெண்களின் முழங்கையில் கார்பன் தாள் வியர்வையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. தங்கபுஷ்பத்தின் அறையில் இருந்த ஒரே பேனையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்த அறையில் கதவைத் தவிரக் காற்று வர வேறு வழி கிடையாது.

இவ்வளவு செய்தும் முக்கால் பங்குக்குள் வரவில்லை. மேல்மாடியிலிருந்து மின்வாரியத்துக்கும், தொழிற்சாலைக்கும், மறுபடி மின்வாரியத்துக்கும் போன அழைப்புகளையெல்லாம் இணைத்தது அவள்தான். கவலை எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்று குரல்களிலேயே தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு முப்பத்து நான்காம் எண் ஞாபகம் வந்தது. அது மூன்றாம் மாடியில், எப்போதும் குளிரிலேயே இருக்க வேண்டிய கணக்கு இயந்திரங்கள் இருந்த ஹாலின் இணைப்பு எண். 1971 ஜனவரியில் அந்த இயந்திரங்களை அம்பத்தூர் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து முப்பத்து நான்கை யாரும் எடுத்ததில்லை.

அடுத்த ஞாயிறு டீயோடு வந்த குலாம் ரசூலிடம், "பாய், மிஷின்லாம் போயிடுச்சே, அந்த ஹாலுக்கு இன்னும் ஏ.சி. போகுதா?" என்று கேட்டாள்.

அவர் டீயை மேஜையில் வைத்தார்.

"போய்க்கினுதான்மா கீது. அந்த ஹால் எப்பவும் சில்லுனு இருக்கணும்னு எழுத்துல ஆர்டர் கீது. நிறுத்துனு இன்னும் யாரும் சொல்லல."

ஒருமுறை சூப்பர்வைசரிடம் வாயால் கேட்டதாகவும், எழுதி வந்தால் பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அதற்கு மேல் கேட்டால் தன் டூட்டியையே கேள்வி கேட்பதாக ஆகும் என்று விட்டுவிட்டாராம்.

தங்கபுஷ்பம் டைரியை அவரிடம் காட்டினாள். இதை மேலே கொடுக்கலாம் என்று நினைப்பதாகவும், கொடுத்தால் அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை போய்விடும் என்றும் சொன்னாள். வேண்டாம் என்று அவர் சொன்னால் டைரியை மூடி வைத்துவிட அவள் தயாராகவே இருந்தாள். அப்படிச் சொல்ல மாட்டாரா என்றுகூட இருந்தது.

குலாம் ரசூல் எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "குடுத்துடுமா. மேல பொம்பளப் பசங்க வேர்த்துக்கினு கீதுங்க. நான் கீழ குந்திக்கினு காலி ரூமுக்குக் குளிர் ஊட்டினு இருக்கேன். எனக்கே நல்லால்ல."

மறுநாள் ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு மாணிக்கவாசகத்தின் அறைக்குப் போனாள். ஆறு வருஷமாகக் குரலால் மட்டுமே தெரிந்தவரை அன்றுதான் நேருக்கு நேர் பார்த்தாள். பேன் கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கஷ்டம்தான் என்று அவர் ஆரம்பித்தார். அவள் தாளை நீட்டினாள். அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு எழுந்து, மூன்றாம் மாடி ஹாலின் சாவியைக் கேட்டார்.

சாவி கிடைக்க அரை மணி நேரம் ஆனது. ஹால் கதவைத் திறந்ததும் குளிர் நடைவரை வந்து காலில் பட்டது. உள்ளே உடைந்த நாற்காலிகள், கயிற்றால் கட்டிய பழைய கோப்புகள், சுவரில் 1970ஆம் வருஷத்துக் காலண்டர். பக்கத்து ஹாலில் நாற்பது பேர் சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருந்தார்கள். மாணிக்கவாசகம் நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றார்.

குலாம் ரசூலை வரச் சொன்னார். யார் சொல்லி இது ஓடுகிறது என்று கேட்டார். குலாம் ரசூல் பயப்படவில்லை. தன் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஆர்டரை எடுத்து வந்து கொடுத்தார். மடித்த இடங்களில் கிழியத் தொடங்கியிருந்தது. 1969ஆம் வருஷத்துத் தேதி. மாணிக்கவாசகம் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து" என்றார்.

ஆர்டரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று மத்தியானமே ஹாலுக்குப் போகும் குளிர் நிறுத்தப்பட்டது.

அவர் அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. இயக்குநர்கள் கூட்டத்தில் தன் தவறைத் தானே சொன்னார். பேன்களைக் கழற்றுவதற்கு முன்னால் எது எதற்காக ஓடுகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்றும், விற்பனைக்கும் உற்பத்திக்கும் திட்டம் போடும் கம்பெனி மின்சாரத்துக்குப் போடவில்லை என்றும் சொன்னாராம். அந்த வருஷம் முதல் கம்பெனியின் ஆண்டுத் திட்டத்தில் மின்சாரத்துக்குத் தனி அத்தியாயம் வந்தது. தலைமை அலுவலகம், தொழிற்சாலை, கிடங்கு என ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் அளவு. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பொறுப்பாளர். பழைய ஆர்டர்களை வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, தேவையா என்று எழுத வேண்டும். புதிதாக எந்த இயந்திரம் வாங்கினாலும் விலைக்குப் பக்கத்தில் அது எத்தனை யூனிட் இழுக்கும் என்பதையும் எழுத வேண்டும்.

கழற்றிய பேன்களில் முக்கால்வாசி திரும்பி வந்தன. அவை மறுபடி சுழன்றபோது இரண்டாம் மாடியில் கை தட்டினார்கள். அரசாங்கம் மின்வெட்டைத் தளர்த்திவிட்டது என்று நினைத்தார்கள். சுவிட்ச்போர்டில் அந்தச் சந்தோஷத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் அவர்கள் நினைப்பைத் திருத்தவில்லை.

அதன் பின் நடந்தவை எதுவும் அவள் எழுதிய அந்த ஒரு பக்கத்தில் இல்லை. பிளான்ட் ஓடும் நேரம் குறைந்ததும் ஷிப்டுக்கு ஒருவராக மூன்று ஆபரேட்டர்கள் தேவைப்படவில்லை. குலாம் ரசூலை அம்பத்தூருக்கு மாற்றினார்கள். ஞாயிறன்று கட்டடத்தை முழுவதும் மூடிவிடுவது என்றும், வெளியூர் அழைப்புகளைத் தொழிற்சாலை பார்த்துக்கொள்ளும் என்றும் முடிவானது. வாட்ச்மேனுக்கு ஒரு விளக்கு போதும். உத்தரவைப் படித்தபோது அது சரி என்று அவளுக்கே தெரிந்தது. ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தைத் திறந்து வைக்க முடியுமா?

குலாம் ரசூல் கடைசியாக வந்த நாளிலும் டீ வாங்கி வந்தார். அம்பத்தூருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும் என்றார். அவள் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது, "விடும்மா, வேல போவல, இடந்தானே மாறுது" என்றார். அன்றும் அவர் உட்காரவில்லை.

தங்கபுஷ்பத்துக்குப் புது வேலை கிடைத்தது. காலையில் சுவிட்ச்போர்டு, மத்தியானம் எல்லா மாடிகளுக்கும் போய் மீட்டர்களைக் குறித்து, வீணாக ஓடுவதை எழுதி, மாணிக்கவாசகத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். மனிதர்களோடு இருக்கப் போகிறோம் என்று முதல் நாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். அவள் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. யாரோ எழுந்து போய் ஒரு விளக்கை அணைத்தார்கள். அறிக்கையில் அவள் யார் பெயரையும் எழுதியதே கிடையாது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? 'மீட்டரம்மா' என்று தனக்கு ஒரு பெயர் இருப்பது அவளுக்கு மூன்றாவது மாதம் தெரிந்தது. நாள் முழுவதும் ஜன்னலில்லாத அறையில் இருந்தபோது குரலாவது அவளோடு பேசியது. இப்போது மாடிக்கு மாடி முகங்களைப் பார்த்தாள், அவை மேஜையைப் பார்த்தன.

தொழிற்சாலை மீட்டரின் எண்களைத் திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அம்பத்தூரிலிருந்து போனில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. முதல் திங்கள் மணி அடித்தபோது மறுமுனையில் இருந்தது குலாம் ரசூல். எண்களைச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். அவ்வளவுதான். மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒரு திங்களும் போனதில்லை. அந்த மூன்று நிமிஷத்தில்தான் வஜீஹாவுக்கு வாணியம்பாடியில் சம்பந்தம் அமைந்ததும், பேரன் பிறந்ததும் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு அழைத்தார். போவதாகச் சொன்னாள். அன்று விடுதி வாசல்வரை வந்து, அங்கே தன்னை யாருக்குத் தெரியும் என்று திரும்பி அறைக்குப் போய்விட்டாள். அடுத்த திங்கள் அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

ஐந்து வருஷத்தில் கம்பெனியின் மின்செலவு நன்றாகக் குறைந்தது. 1978ஆம் ஆண்டறிக்கையில், கட்டட நிர்வாகத்தில் நிறுவனம் காட்டிய முன்யோசனை என்று ஒரு வரி வந்தது. மாணிக்கவாசகம் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டி, "உங்க பேர் வந்திருக்கணும், நான் எழுதித்தான் கொடுத்தேன்" என்றார். பரவாயில்லை சார் என்றாள். உண்மையிலேயே அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வாரம் அவள் மனசில் இருந்தது வேறு. திங்கட்கிழமை வேறு ஒரு குரல் எண்களைச் சொன்னது. குலாம் ரசூல் சனிக்கிழமையோடு ஓய்வுபெற்றுவிட்டார் என்றது. முந்தைய திங்கள் அவர் அதைச் சொல்லவேயில்லை.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு காலை பழம் வாங்கிக்கொண்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போனாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்று இடத்தில் விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. கதவைத் திறந்த அம்மாளிடம் தன் பெயரைச் சொன்னாள். அது ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. டெலிபோனில் பேசுவேன் என்றதும் ஜைதூன் பீ அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

குலாம் ரசூல் பேரனைப் பார்க்க வாணியம்பாடி போயிருந்தார். சாயங்கால வண்டியில் வரலாம், வராமலும் இருக்கலாம்.

"உங்களுக்கு சொல்லாம வந்துட்டேன்னு ரொம்ப மனசு கஷ்டப்பட்டாரும்மா" என்றார் ஜைதூன் பீ. "சொல்லிடுங்களேன்னு நானும் சொன்னேன். சொல்ல வாய் வரலைன்னாரு."

தங்கபுஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். ஜைதூன் பீ அதைப் பார்த்தும் பார்க்காதவராக அடுப்படிக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். சாப்பிட்டாள். மத்தியானம் பாயில் உட்கார்ந்து, பேரனுக்குத் தைத்த சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். ஐந்து மணிவரை குலாம் ரசூல் வரவில்லை. விடுதிக் கதவு மூடுமுன் போக வேண்டும் என்று எழுந்தாள்.

பஸ் நிறுத்தம்வரை கூட வந்த ஜைதூன் பீ, அடுத்த ஞாயிறு அவர் இருப்பார், வந்துவிடுங்கள் என்றார். வருகிறேன் என்றாள். போகவும் செய்தாள். எல்லா ஞாயிறும் அல்ல. மனசு தைரியம் சொன்ன ஞாயிறுகளில் மட்டும்.