கப்பல் மார்க் சைக்கிளின் அடையாளங்கள்

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய சைக்கிள்களைத் தேடித் திரிவது அவருடைய பொழுதுபோக்காம். எங்கள் வாப்பாவின் சைக்கிள் பின் விறாந்தையில் நிற்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் பூதக்கண்ணாடி, நெற்றியில் சின்ன விளக்கு என்று தங்கத்தைச் சோதிக்க வந்தவர்போல் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன மாடல், எந்த வருசத்துச் சைக்கிள் என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும் மேடம்" என்றார்.

"முன் குழாயில் முத்திரை இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள், பக்கத்துப் பக்கமாக இருக்கும். பின் சில்லின் நடுவிலுள்ள ஹப்பைத் துடைத்துப் பாருங்கள், முப்பத்தெட்டு என்று வெட்டியிருக்கும். இது ரோட்டில் வேகமாக ஓடச் செய்த மாடல். கந்தோருக்குப் போகிறவர்களுக்காகச் செய்ததல்ல" என்றேன்.

தம்பி பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியது. "ஆசனத்தை இவ்வளவு கீழே இறக்கியிருக்கிறீர்களே. உங்கட வாப்பா கட்டையான ஆளா?"

"இல்லை. எங்கள் தெருவில் அவர்தான் உயரம்."

விளக்கம் சொல்வதென்றால் ஒரு வெள்ளிக்கிழமையை முழுதாகச் சொல்ல வேண்டும். தம்பிக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் வீடு மாறுவது மாப்பிள்ளைதான். வாப்பா ஒலுவிலிலிருந்து கல்முனைக்கு மாப்பிள்ளையாக வந்தபோது வீடு உம்மாவுடையதாக இருந்தது. கட்டிலும் அலுமாரியும் அப்படியே. வளவில் நின்ற தென்னைகள், அவற்றில் ஏறி இறங்கிய அணில்கள் உட்பட எல்லாம் உம்மாவின் சீதனம். வாப்பா தன்னுடையதென்று கொண்டுவந்தது ஒரு சைக்கிள். ஆகவே அதைப் பற்றி அவர் கொஞ்சம் கூடுதலாகவே கதைப்பார். கப்பல் மார்க், இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்தியது, வெள்ளைக்கார இஞ்சினியர் ஏறி ஓடியது என்பார். கப்பல் போட்ட பித்தளை முத்திரை எப்போதோ கழன்று விழுந்து, அந்த இடத்தின்மேல் கறுப்புப் பெயின்ட் பூசப்பட்டு நெடுங்காலம். அதன் பிறகு கப்பலுக்கு வாப்பாவின் வாய்தான் சாட்சி.

வாப்பா நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியர். விடியப் புறப்பட்டு மாவடிப்பள்ளிப் பக்கத்து வாய்க்கால்களைப் பார்த்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வருவார். மிகக் கவனமான மனிதர். வளைவு வந்தால் இறங்கி, சைக்கிளை உருட்டித் திருப்பி, மறுபடி ஏறிப் போவார். முன்னும் பின்னும் ஒரு மாட்டு வண்டிகூட இல்லாவிட்டாலும் இறங்குவார். சட்டத்தில் இல்லாத விதிகளையும் கடைப்பிடித்த ஒரே அரசாங்க ஊழியர் அவர்தான் என்பதை, என் அரசாங்கச் சேவைக்காலம் முழுவதையும் முடித்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

சாப்பிட்டபின், பிற்பகல் தொழுகைக்கான அசர் பாங்கு வரை அவர் உறங்குவார். அதுதான் உம்மா சைக்கிள் துடைக்கும் நேரம். பின் வளவுக்கு உருட்டிக்கொண்டு போய்க் கதவை வெளியே கொக்கி போட்டுக்கொள்வார். பின் வளவு என்பது கிணற்றடிக்கும் கோழிக்கூட்டுக்கும் இடைப்பட்ட சிறு மணல்தரை, சுற்றிவரத் தகர வேலி. சேலையில் கிரீஸ் படாமலிருக்க வாப்பாவின் பழைய சாறன் ஒன்றை, தன் கட்டை உயரத்துக்கு மடித்து, கட்டிக்கொள்வார்.

அந்த நேரத்தில் எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. அறை வாசலில் உட்கார்ந்து வாப்பாவின் குறட்டையைக் கேட்க வேண்டும். குறட்டை நின்றால் பின்கதவடிக்கு ஓடி, "உம்மா, தேத்தண்ணி!" என்று சத்தம் போட வேண்டும். வாப்பா எழும்பும்போது தேத்தண்ணி தயாராக இருக்க வேண்டும் என்பதில் உம்மாவுக்கிருந்த அக்கறையை நான் மெச்சினேன். சைக்கிள் துடைப்பது கடினமான வேலை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. துடைத்துவிட்டு வரும் உம்மாவுக்கு வியர்த்துக் கொட்டும், முகம் சிவந்திருக்கும், சில நாட்களில் முழங்கை சிராய்த்திருக்கும். ஒருநாள் கோழிக்கூடே ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. "கீரி" என்றார் உம்மா. அதிலிருந்து கீரி என்றால் எனக்குப் பயம்.

பின்னாளில் எத்தனையோ விசாரணைகளை நடத்தி அறிக்கை எழுதியிருக்கிறேன். இத்தனை சாட்சியங்களைக் கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு பிழையான முடிவுக்கு வந்த விசாரணையாளர் வேறொருவரை நான் சந்தித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெகுநேரமாகியும் வாப்பா வரவில்லை. சோறு ஆறிவிட்டது. "மகள், பள்ளியடிக்குப் போய் வாப்பா எங்க நிக்கார் எண்டு பார்த்துட்டு ஓடி வா" என்று உம்மா என்னை அனுப்பினார். எனக்கு ஏழு வயது. அந்த வயதில் பெண்பிள்ளைக்கும் பள்ளிவாசல் முற்றம் திறந்தே இருந்தது. அது மூடுவதற்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன.

முற்றத்தில், தொழுமுன் வுழூச் செய்து கைகால் கழுவும் ஹவுழ்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. நடுவில் இரண்டு கறுப்புச் சைக்கிள்கள். ஒன்றின் ஆசனத்தை வாப்பா பிடித்துக்கொண்டு நின்றார். அதே சைக்கிளின் ஹேண்டிலை வயல்காரப் போடியார் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்.

நடந்தது சின்ன விசயம். வெள்ளிக்கிழமைகளில் பள்ளி மதிலில் சாத்தியிருக்கும் சைக்கிள்கள் எல்லாம் கறுப்பு, அநேகமாக ஒரே பட்டறையில் பெயின்ட் பூசப்பட்டவை. தொழுதுவிட்டு வந்த போடியார் ஒன்றை எடுத்திருக்கிறார். "அது என்ட" என்றிருக்கிறார் வாப்பா. "உங்கட அந்தா நிக்கிது" என்று போடியார் மற்றதைக் காட்டியிருக்கிறார். அவரும் அண்மையில்தான் ஒரு பழைய சைக்கிள் வாங்கி, சண்டைக்கு முந்திய கப்பல் மார்க் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். தான் வாங்கியது சாதாரணச் சாமான் என்று ஒப்புக்கொள்வதைவிட, நல்லதைத் தன்னுடையதென்று நம்புவது அவருக்கு இலேசாக இருந்தது. இப்படியாக ஒரு சைக்கிளுக்கு இரண்டு வாப்பாமார். மற்றது அநாதையாக நின்றது.

எங்கள் ஊரில் ஒவ்வொரு குடிவழிக்கும் தலைவராக ஒரு மரைக்கார் உண்டு. இப்படியான வழக்குகளைப் பள்ளியில் வைத்து அவர்கள்தான் தீர்ப்பார்கள். அன்று இருந்தவர் எல்லோருக்கும் மூத்தவர், எதற்கும் அவசரப்படாதவர்.

"ஓவசியர், சைக்கிள்ற அடையாளத்தச் சொல்லுங்க."

"கப்பல் மார்க். சண்டைக்கு முந்தினது."

"போடியார்?"

"கப்பல் மார்க்தான். சண்டைக்கு முந்தினதுதான்."

"அப்ப கப்பல் எங்க?"

"முகத்துவாரத்தில நங்கூரம் போட்டிரிக்காக்கும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். வாப்பா சிரிக்கவில்லை. அவருக்கு வேறு அடையாளம் எதுவும் சொல்ல வரவில்லை. அத்தனை வருடமும் அதன்மேல் ஏறியிருந்து முன்னால் தெரிந்த ரோட்டைப் பார்த்தவர் அவர், சைக்கிளைப் பார்த்தவரல்ல.

"ஒலுவில் மாப்பிள்ள கொண்டு வந்த சீதனம் இது ஒண்டுதானே, விட மனம் வராதுதான்" என்றார் போடியார்.

இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். வாப்பாவின் காது மடல்கள் கறுத்துப்போவதை நான் பார்த்தேன். வீட்டுக்கு ஓடினேன்.

உம்மா எல்லாவற்றையும் கேட்டார். சீதனம் என்று போடியார் சொன்னதை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். "வாப்பா என்ன சொன்னார்?"

"ஆசனத்தப் புடிச்சிட்டு நிக்கார்."

உம்மா குந்தியிருந்து என் இரண்டு தோள்களையும் பிடித்தார். "நான் சொல்றத அப்பிடியே மரைக்கார்ட்டச் சொல்லணும். முன் குழாயில பெயின்டுக்குக் கீழ ரெண்டு ஓட்டை இரிக்கி. பக்கத்துப் பக்கமா, மேல கீழ இல்ல. விரலால தடவினாத் தெரியும். மறுகா, பின் சில்லு ஹப்ப கிரீஸ் போகத் துடைக்கச் சொல்லு. முப்பத்தெட்டு எண்டு வெட்டியிரிக்கும். அதுதான் செஞ்ச வருசம்."

நான் திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டு வாசலைத் தாண்டினேன். மறுபடி கூப்பிட்டார். கதவு நிலையைப் பிடித்தபடி பின் வளவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உம்மா யோசித்துப் பேசுவதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"இன்னொண்டு இரிக்கி. அவங்க இதுக்கெல்லாம் ஒத்துக்காட்டி மட்டும் சொல்லணும். ஒத்துக்கிட்டாச் சொல்லாத."

"என்ன?"

"இடப்பக்கமா நெருக்கி வளைச்சா, வலக்கால் நுனி முன் மட்காட்டில அடிக்கும்."

"யார்ட கால்?"

"சைக்கிள் ஓடுறவங்கட கால். நீ ஓடு!"

ஓடினேன். மரைக்கார் என்னை அருகில் அழைத்துக் கேட்டார். முன் குழாயைத் தன் விரலாலேயே தடவினார். இரண்டு ஓட்டைகளும் பக்கத்துப் பக்கமாக இருந்தன. மற்றச் சைக்கிளில் அவை மேலும் கீழுமாக இருந்தன. ஹப்பைத் துடைத்தார்கள். முப்பத்தெட்டு வெளியே வந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

போடியார் அசையவில்லை. "ஓட்டையும் இலக்கமும் சும்மா நிக்கிற சைக்கிள்ல ஆரும் பார்க்கலாம். பட்டறைக்காரனும் சொல்லுவான். இது ஒரு அடையாளமா?"

நியாயமான ஆட்சேபனை. நானாக இருந்தாலும் பதிவு செய்திருப்பேன். மரைக்காரும் தலையாட்டினார். "சரி. நிக்கிற சைக்கிள்ல பார்க்க ஏலாத அடையாளம் ஏதும் இரிக்கா ஓவசியர்?"

வாப்பா என்னைப் பார்த்தார். நான் மூன்றாவதைச் சொன்னேன்.

மரைக்கார் மோதினாரைக் கூப்பிட்டார். ஒல்லியான இளைஞர், பாங்கு சொல்வதைத் தவிர வேறெதற்கும் யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. உற்சாகமாக ஏறி, முற்றத்துக்குள்ளேயே இடப்பக்கமாகச் சுற்றினார். முதற் சுற்று அகலமாகப் போயிற்று. "இன்னும் நெருக்கி" என்றார் மரைக்கார். இரண்டாம் சுற்றில் 'டக்' என்று வலக்கால் விரல்கள் முன் மட்காட்டில் அடிபட்டன. ஹேண்டில் திரும்பியது, மோதினாரை ஹவுழின் கட்டு காப்பாற்றியது, தொப்பியை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. அது தண்ணீரில் மிதந்தது. பிறகு மற்றச் சைக்கிளில் ஏறி எவ்வளவு நெருக்கிச் சுற்றியும் கால் எங்கும் படவில்லை. வேகமாக ஓடுவதற்கென்று முன் சில்லைக் கிட்டவாக வைத்துக் கட்டிய மாடல் ஒன்று, சாதாரண மாடல் மற்றது.

"ஓவசியர்ர சைக்கிள்தான்" என்றார் மரைக்கார்.

போடியார் ஹேண்டிலை விட்டார். ஆனால் அவர் மூடரல்ல. "வளைவில இறங்கி உருட்டுற மனிசன் ஓவசியர் எண்டு ஊருக்கே தெரியும். அவருக்கே தெரியாதத இந்தப் புள்ளைக்கு ஆரு சொன்ன?"

"உம்மா" என்றேன் பெருமையாக. "உம்மாதானே சைக்கிள் துடைக்கிறவ."

"துடைக்கிற ஆளுக்கு மட்காட்டில எப்பிடிக் கால் அடிக்கும்?"

எல்லோரும் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். வாப்பா போடியாரைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ வாசிப்பதுபோல் இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான்தான் அவக்கிட்டச் சொல்லியிருந்த. கலியாணம் முடிச்ச புதுசில வளைவில கால் அடிபட்டு விழுந்த. அந்தப் பயத்திலதான் இப்ப இறங்கி உருட்டுற. வெக்கத்தில இங்க சொல்லல்ல."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. "புதுமாப்பிள்ள எந்த ஜன்னலப் பார்த்துட்டு விழுந்தாரோ!" என்றார் ஒருவர். போடியாரும் சிரித்தார். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. தன் ஆயுளில் சைக்கிளிலிருந்து விழுந்ததேயில்லை என்று எங்களிடம் நாள்தோறும் சொல்கிறவர் ஏன் பொய் சொல்லிச் சிரிப்பு வாங்குகிறார்? ஒருபோதும் அவசரப்படாத மரைக்கார் அன்று மட்டும் அவசரமாக ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார்.

வாப்பா என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டார். எங்கள் தெரு இடப்பக்கம் திரும்பும் இடத்தில் வழக்கம்போல் இறங்குவார் என்று பார்த்தேன். இறங்கவில்லை. ஹேண்டிலை நெருக்கி வளைத்தார். 'டக்.' ஒரு காலை ஊன்றி நின்று மட்காட்டையே பார்த்தார். பிறகு தனக்குள் சிரித்தார். என் முதுகுக்குப் பின்னால் அவருடைய வயிறு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

வீட்டில் ஆறிய சோற்றை முழுவதும் சாப்பிட்டார். உம்மா மீன் துண்டுகளில் பெரியதை எடுத்து வைத்தார்.

"அடையாளமெல்லாம் சரியா இருந்திச்சி" என்றார் வாப்பா.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா, சட்டியைப் பார்த்தபடி.

அவ்வளவுதான் அவர்கள் அதைப் பற்றிக் கதைத்தது. அதற்குப் பிறகும் கதைத்ததாக எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் வாப்பா ஸ்பனர் எடுத்து ஆசனத்தைக் கீழே இறக்கினார். முதுகு நோகிறதாம். அன்றிலிருந்து தெருவிலேயே உயரமான அந்த மனிதர் முழங்கால்கள் நெஞ்சில் இடிக்க வாய்க்கால் பார்க்கப் போனார். கடைத்தெருவில் சிரித்தார்கள். முதுகு நோவுக்கு ஆசனத்தை உயர்த்த வேண்டும் என்று பலர் ஆலோசனை சொன்னார்கள். அவர் எல்லோருக்கும் "ஓம், ஓம்" என்றார்.

இன்னொரு மாற்றமும் ஏற்பட்டது. முன்பெல்லாம் வாப்பாவின் குறட்டை இடையிடையே அறுந்து என்னை ஓட வைக்கும். இப்போது அது அரிசி ஆலை இயந்திரம்போல் ஒரே சீராக ஓடி, அசர் பாங்கு சொன்ன பிறகுதான் நின்றது. என் உத்தியோகத்தில் வேலையே இல்லாமற் போயிற்று. அலுப்புத் தாங்காமல் ஒருநாள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

வாப்பா பின் வளவுப் பக்கத்து ஜன்னலை நோக்கிச் சாய்ந்து படுத்திருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கப்பால் மணலில் சில்லு உருளும் சத்தமும் எப்போதாவது ஒரு 'டக்'கும் கேட்டன. உம்மா இன்றைக்கு நன்றாகத் துடைக்கிறார் என்று நினைத்தேன். வாப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. என்னைக் கண்டதும், குறட்டையை நிறுத்தாமலே ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

மீன்கள் கண்ணைத் திறந்துகொண்டே உறங்கும் என்று அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். ஒலுவில் ஆட்களும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போய் வாசலில் உட்கார்ந்தேன்.